ஐந்தாவது பயிற்சி

கைகளைத் தூக்குவதில் ஆபத்தில்லை. கைகளை எத்தனை முறை வேண்டுமானாலும் தூக்குவேன், வெயில் இறங்கும்வரை தூக்கிக்கொண்டே நிற்பேன், ஐந்தாம் வகுப்பு மெர்சி டிரம்மை இப்படியே அடித்துக்கொண்டிருந்தால் போதும், ஒன் டூ த்ரீ ஃபோர், முன்னே, மேலே, முன்னே, கீழே. முதல் பயிற்சி கைகளுக்கு. இரண்டாவது தோள்களுக்கு. மூன்றாவது இடுப்புக்கு. நான்காவது உட்கார்ந்து எழுவது. ஐந்தாவது குதிப்பது. இந்த வரிசையை வகுத்தவன் ஆணாகத்தான் இருக்க வேண்டும், அதில் எனக்கு ஐயமே இல்லை. உடம்பின் மேல்மாடியில் தொடங்கி ஒவ்வொரு படியாக இறங்கி, எனக்கு எந்த இடம் பழுதோ அந்த இடத்துக்கு நேராக வந்து நிற்கிறது அது. மூன்றாம் வகுப்பு முழுவதும் எனக்கெதிரே வரிசை வரிசையாக நிற்கிறது. நான் இடக்கையைத் தூக்கினால் அவர்கள் வலக்கையைத் தூக்குகிறார்கள், நான் மூக்கைச் சொறிந்தாலும் இரண்டு பேராவது சொறிவார்கள், கண்ணாடிக்கு முன்னால் நிற்பதைப்போல, ஆனால் எந்தக் கண்ணாடிக்கும் இத்தனை கண்கள் கிடையாது. அவர்களுக்குப் பின்னால் புங்கமர நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் வட்டாரக் கல்வி அலுவலர் ஜெயசுந்தரி மேடம், மடியில் கைப்பை, கணுக்கால்கள் ஒன்றன்மேல் ஒன்று. பக்கத்தில், உட்கார இடம் இருந்தும் உட்காராமல், எங்கள் தலைமையாசிரியர் நாகலிங்கம் சார். அவருடைய சட்டைப்பையில், பேனாவுக்கு அருகே, துணிக்கு மேலேயே வடிவம் தெரிகிற மாதிரி ஒரு சாவி. கழிப்பறைச் சாவி. கைகள் மேலே போகும்போதெல்லாம் என் கண் அந்தப் பைக்குப் போகிறது.

காலையில் அதைப் பூட்டும்போது நான் அங்கேதான் நின்றேன். பாப்பாத்தியக்கா பினாயில் ஊற்றித் தேய்த்துக் கழுவி, வெளியே வந்து துடைப்பத்தை உதறியதும் சார் கதவைச் சாத்தினார், பூட்டினார், பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "மேடம் வந்து பாத்துட்டுப் போற வரைக்கும் உள்ள ஒரு சொட்டு விழக்கூடாது டீச்சர். தெறந்து காட்டும்போது பளிச்சுனு இருக்கணும். அப்புறம் என்னமோ பண்ணிக்கட்டும்." கழிப்பறை இருக்கிறது என்று காட்டுவதற்காகக் கழிப்பறையைப் பூட்டி வைக்கிற அறிவு அவர் ஒருவருக்கு மட்டும் வாய்த்ததல்ல, நான் வேலை பார்த்த பள்ளிகளில் எல்லாம் அலுவலர் வருகிற நாளில் இதைத்தான் செய்தார்கள், கல்யாண வீட்டில் பட்டுப்புடவையை மடிப்புக் கலையாமல் வைத்திருப்பதைப்போல. "அப்ப பொம்பளப் புள்ளைங்க சார்?" என்று பிலோமி டீச்சர் கேட்டாள். "ஒரு நாள்தானே டீச்சர், அடக்கிக்கிட்டா என்ன? வெளியூரு போனா அடக்கறதில்லையா?" அவர் அந்தப் பக்கம் போனதும் பிலோமி என் தோளில் இடித்தாள். "கதவுக்குப் பூட்டுப் போட்டாரு சரி. நமக்கும் ஆளுக்கொண்ணு செஞ்சு குடுத்துட்டாருன்னா வேல முடிஞ்சுது." நான் சிரிக்கவில்லை. நான் சிரிப்பதில்லை. நாகலிங்கம் சார் நல்ல மனிதர், குழந்தைகளை அடிக்கமாட்டார், யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசமாட்டார். ஆண்பிள்ளைகள் மதிலுக்குப் பின்னால் போய்விடுவார்கள், தேவைப்பட்டால் அவரும் போய்விடுவார், ஆகவே அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பது அவருக்கு வெறும் ஓர் அறை, ஓடு பதித்த ஒரு காட்சிப்பொருள். இதை முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கலாம். வாய் கூசாதவள் என்று பெயரெடுத்தவள் நான், சங்கக் கூட்டத்தில் மாவட்டச் செயலாளரையே, உட்காருங்கள், உங்களுக்கு விஷயம் தெரியாது என்று சொன்னவள். ஒரே ஒரு வாக்கியம். சார், திறந்துவிடுங்கள், குழந்தைகள் போக வேண்டும். அந்த வாக்கியத்தைக் காலையிலிருந்து வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறேன், வெளியே விட்டால் அதிலிருந்து குழந்தைகள் என்ற சொல் மட்டும் உதிர்ந்துபோய் நான் தனியாக நிற்பேன் என்று தோன்றுகிறது. குழந்தைகளுக்காகத்தான் கேட்டேன் என்று யார் நம்புவார்கள். அவருடைய பார்வை ஒரு கணம் என் இடுப்புக்குக் கீழே இறங்கும். ஒரு கணம்தான். அது போதும்.

தோள்கள். கைகளைப் பக்கவாட்டில் விரித்து, மடக்கி, விரித்து. இதிலும் ஆபத்தில்லை, மூச்சை மட்டும் சீராக விட வேண்டும், இருமக்கூடாது, தும்மக்கூடாது. மைதானத்துப் புழுதி ஏறி மூக்கின் வேரில் ஒரு குறுகுறுப்பு. மேலுதட்டை விரலால் அழுத்தினால் நிற்கும், அழுத்துகிறேன், முன்வரிசையில் இரண்டு குழந்தைகள் உடனே தங்கள் மேலுதட்டை அழுத்துகின்றன. இரண்டாவது பிரசவத்தில் போனது இது. ஆயுதம் போட்டு எடுத்தார்கள், ஒரு நர்ஸ் கட்டில்மேல் ஏறி முழங்கையால் என் வயிற்றை அழுத்திக்கொண்டு, "முக்கும்மா, எம்மெஸ்ஸி படிச்சவதானே, முக்கத் தெரியாதா?" என்று கத்தினாள், எனக்குள்ளே துணி கிழிகிற ஓசை கேட்டது. தையல் போட்டார்கள், தையல் ஆறியது, மகன் வளர்ந்து கல்லூரிக்கும் போய்விட்டான், உள்ளே கிழிந்ததை ஒருவரும் கேட்கவில்லை. ஒரே ஒரு முறை ஒரு பெண் மருத்துவரிடம் சொன்னேன். இருமினால், சிரித்தால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால், என்று நான் அடுக்கிக்கொண்டிருக்கும்போதே அவர் வேறெதற்கோ மாத்திரை எழுதிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. "வயசாகுதில்ல, அப்படித்தாம்மா இருக்கும்." அப்போது எனக்கு நாற்பதுகூட ஆகவில்லை. பிறகு யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடம் சொல்லவில்லை, என் புடவைகள் எல்லாம் ஏன் அரக்கும் கருநீலமும் கரும்பச்சையுமாகவே இருக்கின்றன என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. ஆசிரியர் தினத்துக்கு எல்லாரும் ஒரே நிறத்தில் எடுக்கலாம் என்று பிலோமி சந்தன நிறத்தில் ஒன்றைக் காட்டியபோது, துணி மட்டம், ஒரு துவையல் தாங்காது என்று நான் போட்ட சண்டையில் கடைக்காரனே நடுங்கிவிட்டான். சாலையில் வேகத்தடை வருவதைப் பேருந்து ஓட்டுநருக்கு முன்னால் நான் அறிவேன். காலையில் அரை டம்ளர் காப்பி, அதன்பிறகு வீடு திரும்பும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. கறாரானவள், லேசில் சிரிக்காதவள் என்று இந்த ஒன்றியத்தில் எனக்கிருக்கும் மரியாதையில் பாதி இதற்குச் சேர வேண்டியது. ஒருநாள் மகள் பீரோவில் நாப்கின் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, "இன்னுமாம்மா உனக்கு நிக்கல?" என்றாள். இல்லை என்றேன். நின்று வெகுநாளாகிறது. இன்றைக்கும் காலையில் ஒன்று வைத்துக்கொண்டுதான் வந்தேன், அது தன்னால் ஆனவரை தாங்கிவிட்டுக் கனத்துக் கிடக்கிறது, மாற்றுவதற்கு இன்னொன்று செய்தித்தாளில் சுற்றி என் பையில் இருக்கிறது, மாற்றுவதற்கு ஒரு கதவு வேண்டும், கதவின் சாவி அந்தச் சட்டைப்பையில் இருக்கிறது.

இடுப்பு. முன்னால் வளை, நிமிர், பின்னால் சாய், நிமிர். வளையும்போது வயிறு மடிகிறது, மடிப்புக்குள் நிரம்பிய பை ஒன்று இருப்பது தெரிகிறது, நிமிரும்போது அது தளும்புகிறது. முக்கால்வாசி மட்டும் வளைகிறேன். குழந்தைகளும் முக்கால்வாசி வளைகிறார்கள், பாவம், இதுதான் முழு வளைவு என்று நம்பி வளரப்போகிறார்கள். எங்களைப் போன்ற தொடக்கப்பள்ளிக்கு உடற்கல்வி ஆசிரியர் என்று தனியாக ஒருவர் கிடையாது, கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுக்கிறவளே குதிக்கவும் சொல்லிக்கொடுக்க வேண்டும். காலங்காலமாக பி.டி. பீரியடை நாங்கள் கணக்குக்கு எடுத்துக்கொண்டோம், குழந்தைகள் முனகினார்கள், கேட்பார் இல்லை. இந்த ஆண்டு மேலிடத்துக்குத் திடீரென்று குழந்தைகளின் உடம்பு நினைவுக்கு வந்துவிட்டது. வட்டார வள மையத்தில் எங்களுக்குப் பயிற்சி. ஊதா நிற பனியன் போட்ட இளைஞன் ஒருவன், ஆசிரியர் செய்யாததை மாணவர் செய்யமாட்டார் என்று பலகையில் எழுதிவிட்டு, "எல்லாரும் எந்திரிங்க, குதிங்க மேடம், வெக்கப்படாதீங்க, இங்க யாரு பாக்கப் போறா?" என்றான். அறை முழுக்கப் புடவை கட்டிய பெண்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு, பாதம் தரையை விட்டு எழாமல் குதித்தார்கள், குதிகாலை மட்டும் தூக்கித் தூக்கி வைத்தார்கள். முதுகுவலி என்று சொல்லி நான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன், இந்தப் பெண்களுக்கு எதற்கெடுத்தாலும் வெட்கம் என்று ஏளனமாக நினைத்துக்கொண்டு. இப்போது, வளைந்த நிலையில், தரை மட்டும் தெரிகிற இந்த நேரத்தில் ஓர் எண்ணம் வருகிறது. அது வெட்கமா? அத்தனை பேருக்கும் பிள்ளைகள் உண்டு. நிமிர். "மங்கை டீச்சர், நீங்க யுனிவர்சிட்டி பிளேயராச்சே, உங்கள விட்டா வேற யாரு?" என்று சொல்லித்தான் சார் என்னை இங்கே நிறுத்தினார். எப்போதோ வாய்தவறிச் சொன்னது. நீளம் தாண்டுவேன் நான். ஓடி வந்து பலகையை மிதித்துக் கால்கள் எழுந்தபின், எதுவும் பிடித்து இழுக்காத ஓர் இடம் வரும். மணலில் வந்து விழும்போதும் என் உடம்பு மூடிபோட்ட பாத்திரத்தைப்போல் அப்படியே இருக்கும். அதை நினைத்தால் இப்போது வருவது ஏக்கமல்ல, நடுக்கம், கால்கள் எழுகின்றன, மணல் காத்திருக்கிறது, மூடியைக் காணோம்.

எல்லாக் கைகளும் இடுப்பில் இருக்க, முன்வரிசையில் ஒரு கை மட்டும் நெஞ்சுக்கு நேரே உயர்ந்திருக்கிறது, மற்ற விரல்கள் மடங்கி, சுண்டு விரல் மட்டும் நிமிர்ந்து. லத்திகா. இரட்டைப்பின்னல், ஒன்றில் ரிப்பன் அவிழ்ந்து தொங்குகிறது. சுண்டு விரல் என்றால் ஒண்ணுக்கு. அகரம் எழுதுவதற்கு முன்பே எங்கள் குழந்தைகள் கற்றுக்கொள்கிற எழுத்து அது. இடைவேளையில் பெண்குழந்தைகள் கூட்டமாக அந்தக் கதவு வரைக்கும் போய்ப் பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். "டீச்சர், பூட்டிருக்கு டீச்சர்." "தெரியும்டி. மேடம் போகட்டும், திறப்பாங்க." சொன்னவள் நான்தான். முதல் பயிற்சியிலேயே அந்த விரல் என் கண்ணில் பட்டது, கைகள் மேலே போனபோது மற்ற எல்லாருடைய உள்ளங்கையும் விரிந்திருந்தது, அவளுடையது மட்டும் அப்படி. நான் அவள் தலைக்கு மேலே மரத்தைப் பார்த்தேன். இப்போது பார்வையாலேயே அவளிடம், இரு, இரு, என்கிறேன். கால்களைப் பின்னிக்கொண்டு நிற்கிறாள், எதையோ உற்றுக் கேட்பவளைப் போன்ற முகம், வெளியே நடப்பது எதுவும் அந்த முகத்துக்குள் போகவில்லை. அந்த முகத்தை நான் நன்றாக அறிவேன், தினமும் என் வீட்டுக் கண்ணாடியில் இருப்பது. மலர்க்கொடி முகத்திலும் இருந்தது. என்னோடு நான்காம் வகுப்பில் படித்தவள். காலைப் பிரார்த்தனையில் யாரும் அசையக்கூடாது என்றார்கள், அவள் அசையவில்லை, அவள் காலடியில் மண் மட்டும் மெதுவாகக் கறுத்துப் பரவியது. அன்று மாலைக்குள் அவளுக்கு ஒழுகல் என்று பெயர். யார் வைத்தார்கள் என்று தெரியாது, அந்த மாதிரிப் பெயரை யாரும் வைக்க வேண்டியதில்லை, அது தானே வந்து உட்கார்ந்துகொள்ளும். உயர்நிலைப் பள்ளிக்குப் போனாள், பெயரும் கூடப் போனது. தையல் கற்றுக்கொண்டாள், கல்யாணம் முடித்தாள், பெண்ணுக்கும் முடித்தாள். சென்ற ஆண்டு ஒரு கல்யாணப் பந்தியில் யாரோ, எந்த மலர்க்கொடி என்று கேட்க, பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவன் திரும்பி, "அதான்யா, நம்ம ஒழுகலு," என்றான். நரைத்த தலை அவனுக்கு. அவளுடைய மருமகன் பக்கத்து இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மலர்க்கொடி சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபிறகு என் இலையில் இருந்த எதுவும் உள்ளே இறங்கவில்லை. இந்தக் குழந்தை குதித்தால் அந்தப் பெயர் இங்கே வரும். வெளியே மதிலுக்குப் பின்னால் போய்விட்டு வந்து நிம்மதியாக நிற்கிற பின்வரிசைப் பையன்களின் வாயில் அது ஏற்கெனவே ஊறிக்கொண்டிருக்கிறது. அல்லது என்னிடம் வரும். டீச்சருக்கு வந்தால் அது ஊர் முழுக்க வரும், சந்தைக்கு வரும், மகளின் கல்யாணத்துக்கும் முதல் ஆளாக வந்து உட்காரும்.

உட்கார். எழு. முதல் முறை தாங்கியது. இரண்டாவது முறை, முழங்கால் மடங்கி உடம்பின் பாரம் முழுவதும் கீழே இறங்கும் அந்த இடத்தில், ஒரு வெப்பம். கொஞ்சம்தான். கொஞ்சம்தான் என்று சொல்லிக்கொள்கிறேன், எப்போதும் அப்படித்தான் சொல்லிக்கொள்வேன். எழு. காற்று படும்போது அது குளிர்கிறது, குளிர்ந்தால் வெளியே வந்துவிட்டது என்று பொருள். மரத்தடியில் சார் குனிந்து, காகிதக் கோப்பையில் கலர் நீட்டுகிறார். "குடிங்க மேடம், வெயில்ல வந்திருக்கீங்க." "வேண்டாம் சார்." "எளநியாச்சும் வெட்டச் சொல்லட்டுங்களா?" "வேண்டாம்னு சொன்னேனே." எவ்வளவு விறைப்பு. பத்து வார்த்தை பேசினால் பதவி குறைந்துவிடும் போலிருக்கிறது, காலையிலிருந்து எத்தனை பள்ளிகளில் இப்படி விறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வந்தாளோ. உட்கார். பாதி மட்டும் உட்கார்கிறேன். மயக்கம் வந்ததைப்போல் விழுந்துவிடலாம். விழுந்தால் தூக்குவார்கள், தூக்குகிறவர் நாகலிங்கம் சாராக இருப்பார், தூக்கிய கை ஈரமாகும். எழு. கால் பிசகிவிட்டது என்று நொண்டலாம். நொண்டினால் பிலோமியைக் கூப்பிடுவார், அவள் வந்து குழந்தைகளைக் குதிக்க வைப்பாள், அவளுக்கு வேறு வழி கிடையாது. உட்கார். நான் குதிக்காமல் வாயால் மட்டும் கட்டளை கொடுக்கலாம், குதியுங்கள் என்று சொல்லிவிட்டு விசிலைக் கடித்துக்கொண்டு நிற்கலாம், எத்தனையோ பேர் அப்படித்தானே செய்கிறார்கள், நான் தப்பித்துவிடுவேன். எழு. நான் தப்பிக்கிற வழி ஒவ்வொன்றின் முடிவிலும் லத்திகா குதிக்கிறாள். மறுபடி முதலிலிருந்து யோசிக்கிறேன். மயக்கம், அவள் குதிக்கிறாள். கால் பிசகு, அவள் குதிக்கிறாள். சார், ஒரு நிமிடம். என்ன டீச்சர்? அங்கே நின்றுவிடுகிறது, அதற்கு மேல் அந்த வாக்கியம் நகர மறுக்கிறது, என்ன டீச்சர் என்று மனத்துக்குள் இருக்கிற அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், சட்டைப்பையில் சாவி, பார்வை இறங்குகிறது, ஒன்றுமில்லை சார். உட்கார். லத்திகா உட்காரவில்லை. எல்லாரும் உட்கார்ந்துவிட அவள் மட்டும் நிற்கிறாள், உட்கார்ந்தால் முடிந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, இரண்டு கைகளையும் அடிவயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டு, உதடுகளை உள்ளே மடித்துக்கொண்டு. பின்வரிசையில் ஒருவன் பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளி அவளைக் காட்டுகிறான். எழு.

டிரம் நிற்கிறது. இதற்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு சிறிய இடைவெளி, மெர்சி குச்சிகளை இடுக்கிக்கொண்டு உள்ளங்கையைப் பாவாடையில் துடைக்கிறாள். சார் மரத்தடியிலிருந்து குரல் கொடுக்கிறார். "ஜம்ப்பு டீச்சர், ஜம்ப்பு! மேடம், இதுதான் மேடம் ஹைலைட்டு. நம்ம டீச்சர் யுனிவர்சிட்டில தாண்டினவங்க." ஜெயசுந்தரி மேடம் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார். குழந்தைகள் என்னைப் பார்க்கிறார்கள். குதிப்பதற்கு முன் கைகள் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும், ஒட்டியிருக்கின்றன. ரெடி என்று நான் சொல்ல வேண்டும். மெர்சி குச்சியை ஓங்கிவிட்டாள். வாய் திறக்கிறது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, காலையிலிருந்து தண்ணீர் படாத நாக்கு. எனக்குத் துணிவு வந்தது என்று யாரும் எண்ண வேண்டாம், துணிவு வரவில்லை, வந்தது அச்சம்தான், இரண்டு பக்கமும் வழியடைத்துக்கொண்டு வந்தது. முன்னால் போனால் குதிக்க வேண்டும், பின்னால் போனால் சொல்ல வேண்டும், இரண்டும் முடியாதபோது இடக்கை தானாக எழுகிறது. தோளுக்கு நேரே, தலைக்கு மேலே. பெருவிரல் மற்ற மூன்றையும் மடக்கிப் பிடித்துக்கொள்கிறது. சுண்டு விரல் நிற்கிறது. என்ன காரியம் செய்கிறேன். இறக்கிவிடலாம், இன்னும் நேரமிருக்கிறது, தலையைச் சொறிந்ததைப்போல் இறக்கிவிடலாம். லத்திகா பார்க்கிறாள். அவளுடைய வலக்கை அடிவயிற்றை விட்டு எழுந்து, மேலே வந்து, அதே விரல். அவளுக்குப் பக்கத்தில் இருப்பவள். அவளுக்குப் பின்னால். இதுதான் ஐந்தாவது பயிற்சி என்று எண்ணிக்கொண்டு, நான் எதைச் செய்தாலும் அதைச் செய்கிற என் குழந்தைகள், பையன்களும், கிள்ளியவனும் கிள்ளப்பட்டவனும், ஒருவர் விடாமல் கையைத் தூக்கிச் சுண்டு விரலை நீட்டுகிறார்கள். மைதானம் முழுக்கச் சுண்டு விரல்கள். அடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் மெர்சி ஒரே ஓர் அடி அடித்துவிட்டு நிறுத்துகிறாள். என் கால்களுக்கு நடுவே வெப்பம் இறங்குகிறது, இந்த முறை கொஞ்சம்தான் என்று சொல்ல முடியாது, நான் கையை இறக்கவில்லை, இறக்கினால் அவர்களும் இறக்கிவிடுவார்கள்.

சார் சிரிக்கிறார். "விரலுக்கு ஏதோ புது எக்சர்சைஸ் போல மேடம்." மேடம் சிரிக்கவில்லை. குழந்தைகளின் முதுகுகளுக்கு மேலே நிற்கும் அந்த விரல்களை ஒரு வரிசை விடாமல் பார்த்துக்கொண்டு எழுந்திருக்கிறார், கைப்பையை அடிவயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு. "பாத்ரூம் எங்க சார்?" "அந்தா மேடம். பளிச்சுனு வச்சிருக்கோம், கடைசியாக் காட்டலாம்னு..." "பூட்டியிருக்கா?" "உங்களுக்காகத்தான் மேடம், அசிங்கமாயிடும்னு." "சாவியக் குடுங்க." பேனா கீழே விழுகிறது, சாவி வருகிறது, அவரிடமிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு மேடம் மைதானத்தைக் குறுக்கே கடக்கிறார், அலுவலர்கள் நடக்கிற நடை அல்ல அது, சின்னச் சின்ன அடிகளாக, தொடைகள் பிரியாமல் நடக்கிற நடை. எனக்கு அந்த நடை தெரியும். பின்னிக்கிடந்த கணுக்கால்கள். குடிக்காத கலர். இதை இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தும் விறைப்பு என்றே நினைத்த என் புத்தியை என்ன சொல்வது. பூட்டு திறந்ததும், உள்ளே வரிசையாக இருக்கும் சின்ன அறைகளுக்குப் பெண்குழந்தைகள் பாய்கிறார்கள், முதலில் லத்திகா, அவிழ்ந்த ரிப்பன் பின்னால் பறக்க. மேடம் உள்ளே நுழையவில்லை, நுழையப் போனவர் குழந்தைகள் வந்து மோதியதும் ஒதுங்கிக்கொண்டார். ஓட முடியாத நான் மெதுவாகப் போய் வரிசையின் கடைசியில் நிற்கிறேன். அவர் எனக்கும் பின்னால் வந்து நிற்கிறார். எனக்குப் பின்னால். என் முதுகு முழுவதும் காதாகிவிடுகிறது. அரக்குப் புடவையில் ஈரம் தெரியாது என்று இத்தனை ஆண்டுகளாக நம்பியிருந்தேன். "டீச்சர்." குரல் மிகத் தாழ்வாக, என் தோளுக்கு மட்டும் கேட்கிற அளவில். "முந்தானைய எடுத்துப் பின்னால விட்டுக்கங்க." எடுத்துவிட்டுக்கொள்கிறேன். திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவருக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை ஆண்டுகளாக நான் அஞ்சியது நடந்தேவிட்டது, வரிசை ஓர் அடி முன்னால் நகர்கிறது, நானும் நகர்கிறேன்.

பின்னாலேயே சார் வந்துவிட்டார், வேர்த்த முகத்தோடு, பேனாவைத் துடைத்துக்கொண்டு. பெண்கள் வரிசைக்கு இவ்வளவு அருகில் வந்ததில்லை போலும், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்துப் பேசுகிறார். "சரி டீச்சர், புள்ளைங்க போயிட்டு வரட்டும். வந்ததும் அந்த ஜம்ப்ப மட்டும் ஒரு தடவ மேடத்துக்குக் காட்டிருவோம். இவ்வளவு தூரம் வந்திருக்காங்க." சரி சார் என்றுதான் சொல்லப்போகிறேன். இருபது ஆண்டுகளாக எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வைத்திருக்கிறேன், முதுகுவலி, கால்வலி, தலைசுற்றல், விரதம், ஒன்றை எடுத்து நீட்டினால் போதும். வாயைத் திறந்து தேடுகிறேன், ஒன்றும் அகப்படவில்லை. அகப்பட்டது ஒன்றுதான், அது மலர்க்கொடியின் பட்டப்பெயருக்குள் இருந்த சொல்.

"என்னால குதிக்க முடியாது சார்."

"ஏன் டீச்சர், முதுகா?"

"இல்ல சார். குதிச்சா எனக்கு ஒண்ணுக்கு ஒழுகும். ரெண்டாவது பிரசவத்துல இருந்து. இப்பவும் ஒழுகியிருக்கு."

தாழ்வாகத்தான் சொல்ல நினைத்தேன். விசில் இல்லாமலே மைதானத்தின் மறுகோடி வரைக்கும் போகிற குரல் எனக்கு, அதுதான் வந்தது. சார் கூரையிலிருந்து பார்வையை இறக்கி எங்கே வைப்பதென்று தெரியாமல் தன் செருப்பில் வைத்துக்கொண்டார். வரிசையில் இருந்த குழந்தைகள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். மதிலோரம் நின்ற பையன்களும். இதோ, அந்தப் பெயர் வரப்போகிறது, இப்போது வரும், மதில் பக்கமிருந்துதான் வரும், ஒரு பையன் மெல்ல உதட்டை அசைத்தால் போதும், பிறகு அது வளர்ந்துகொள்ளும், நான் ஓய்வு பெறும் நாளில் மாலையோடு வந்து நிற்கும். முந்தானையைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, எந்த வாயிலிருந்து அது வரும் என்று ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன்.

கதவு திறந்து லத்திகா வெளியே வருகிறாள், கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு. வரிசையைக் கடந்து என்னிடம் வந்து, முன்னால் நிற்கிறவர்களைத் தன் முழங்கையால் ஒதுக்கிவிட்டு, என் கையைப் பிடித்து இழுக்கிறாள்.

"டீச்சர், அந்தக் கடைசி ரூம்ல யாரும் இல்ல. நீங்க போங்க."